பதினோரு மணி கரண்டு

போட்டோ இருக்கட்டும் அம்மிணி, கவுத்து வைங்க. பாத்துட்டேன். என்ற மூஞ்சிதான் அது. மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறது நாந்தான். பக்கத்துல வெள்ளைச் சட்டையில கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நிக்கறவரு யாருன்னு கேக்காதீங்க. எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. நாலு காருல வந்தாரு, நாலு காருல போனாரு.

கம்பெனிக்குப் பொன்விழா, மலர் போடறீங்க, அந்தப் பூகம்பத்துல நாம செஞ்ச வேலையப் பத்தி ரெண்டு பக்கம் வேணும். அதானுங்க? ‘இருளில் மூழ்கிய ஊருக்கு ஒளி தந்தவர்கள்’னு தலைப்பும் எழுதிக்கிட்டு வந்திருக்கறீங்க. ஏனுங்க அம்மிணி, என்னைக் கேக்காமயே தலைப்பு வெச்சுட்டீங்க, அப்பறம் எதுக்கு வெயில்ல பஸ் ஏறி இத்தாந்தூரம் வந்தீங்க? சரி, கோவிச்சுக்காதீங்க. காப்பி குடிங்க. சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க, என்ற மருமக எனக்குப் போடற அளவுலயே வர்றவங்க எல்லாத்துக்கும் போட்டுருவா.

சொல்றேன். ஆனா அந்த வேலையப் பத்திப் பேச எனக்குப் புடிக்காதுங்க. இப்பவும்.

அப்ப நான் லைன் ஃபோர்மேன். நாங்க இருவத்திரண்டு பேரு ராஜ்கோட்டுப் பக்கம் டவர் லைன் இழுத்துட்டு இருந்தோம். எங்களுக்கு மேல இஞ்சினியர் தேவநாதன். கும்பகோணத்துக்காரரு. நல்லாப் படிச்சவரு, கையில எண்ணெய் படாத ஆளு. குடியரசு தினத்தன்னைக்குக் காலையில கட்ச்சுல பூமி அதிர்ந்துச்சு. நாங்க இருந்த எடத்துலயே சோத்துக் குண்டா உருண்டு போச்சுன்னாப் பாத்துக்கங்க. அன்னைக்கு ராத்திரியே எங்களை லாரியில ஏத்திக் கொண்டு போனாங்க. துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு. பேரு வேண்டாம்.

சப்-ஸ்டேசனைப் பாத்தோமுங்க. கன்ட்ரோல் ரூம் கூரை அப்படியே எறங்கி பேனல் மேல உக்காந்திருக்குது. டிரான்ஸ்பார்மரு, யானை ரெண்டு சேந்தாப்பல அத்தாச்சோடு, தண்டவாளத்தை விட்டு எறங்கி ஒருச்சாஞ்சு நிக்குது. கம்பியத் தாங்கற பீங்கான் பூராம் தூளு. எண்ணெய் ஒழுகித் தரையெல்லாம் வழுக்குது. ஜாக்கி குடுத்து, கட்டை குடுத்து, சங்கிலி போட்டு, ஒரு ஒரு அங்குலமா இழுத்து மேல ஏத்துனோம். குளுருன்னா குளுரு. வெட்டவெளியில படுக்கை. கட்டடத்துக்குள்ள போக ஒருத்தனுக்கும் தைரியமில்லை, பின்னதிர்ச்சி வந்துக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு நாள்ல முடிச்சோம். அதை வேணா எழுதிக்கங்க. அது நல்ல வேலை. அதுல ஒரு கொறை சொல்ல முடியாது.

ஊரு இருந்த இருப்பை எழுத மாட்டீங்க. நாலாம் நாள்ல இருந்து நாத்தம். என்ன நாத்தமுன்னு சொல்ல வேண்டியதில்லை. மூக்குல துணியக் கட்டிக்கிட்டுத்தான் சோறு உங்கறது, ஒரு வாய்க்கு ஒருக்கா துணிய எறக்கி. ரோட்டோரத்துல லாரி லாரியா பழைய துணி கொட்டிக் கெடக்குது. தர்மம் பண்றாங்களாமா. கிழிஞ்ச பனியன், ஒத்தைச் சாக்ஸு, ஜரிகை போன பட்டுச்சேலை. தன்னோட ஊட்டுக் குப்பைய லாரி வெச்சு அனுப்பியிருக்கறான். அந்த ஊர்க்காரங்க ஒரு துணியத் தொடலீங்க. மானஸ்தனுங்க. மாடு ஏறிப் படுத்திருந்துது.

அப்பறம் கேமராக்காரங்க. இடிஞ்ச ஊட்டு முன்னாடி அழுதுட்டு இருக்கற பொம்பளைகிட்ட, இந்தப் பக்கம் திரும்பி அழுவுங்கன்னு சொன்னானுங்க ஒருத்தன். என் காதால கேட்டேன். அப்பறம் அதிகாரிங்க. வர்ற அத்தனை பேருக்கும் ஒரே கேள்வி, "எப்பக் கரண்டு வரும்?" தண்ணி வேணுமா, சாப்பிட்டீங்களா, ஒரு வார்த்தை? த்தூ. மனுசங்களா அவங்கெல்லாம்?

சரிங்க, விசயத்துக்கு வர்றேன்.

கரண்டு வந்தாப் போதாது. இடிஞ்ச தெருவுக்குள்ள அது போகக் கூடாது. கட்டடத்துக்குள்ள வயரு எல்லாம் அறுந்து கம்பியோட கம்பியாக் கெடக்கும். மிலிட்டரிக்காரன் உள்ள பூந்து வேலை செய்யறான். அதனால இடிஞ்ச தெரு ஒவ்வொண்ணுலயும் இருக்கற டிரான்ஸ்பார்மரை மெயின் லைன்ல இருந்து பிரிச்சு விட்டுரோணும். அப்படிப் பிரிக்க வேண்டியது மொத்தம் பதினேழு. அந்தப் பட்டியல் என்ற பொறுப்பு. ஒண்ணொண்ணாப் பிரிச்சு டிக் போட்டுக்கிட்டே வந்தேன். பதினாறு முடிஞ்சுது. அஞ்சாம் நாள் பொழுது எறங்கற நேரம். கடைசியா ஒரு தெரு.

அங்க சுவரு விழுந்து, டிரான்ஸ்பார்மரைப் பிரிக்கற சுவிட்சோட கைப்பிடி வளைஞ்சு போய்க் கெடந்துச்சு. நான் இழுக்கறேன், அசையவே மாட்டேங்குது. "கெரகம் புடிச்ச கைப்பிடி"ன்னு சத்தமாத் திட்டிட்டேன். பின்னால இருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி, நீங்க தமிழா?"

திரும்பிப் பாத்தா ஒரு பொம்பளை. முப்பது வயசு இருக்கும். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. காலுல செருப்பில்லை. தூத்துக்குடிப் பக்கம், பேரு ரெக்ஸலின். புருசன் தனசிங் துறைமுகத்துல ஒரு கப்பல் ஏஜென்சியில கிளார்க்கு. அன்னைக்குக் காலையில அந்தப் புள்ள கொழந்தையக் கூட்டிக்கிட்டு கொடியேத்தறதப் பாக்கப் போயிருக்குது. லீவு நாளுன்னு புருசன் மாத்திரம் ஊட்டுல இருந்திருக்கறாரு. நாலு மாடிக் கட்டடம், கீழ் வீடு.

"அவுக உள்ள உசுரோட இருக்காக அண்ணாச்சி. மாடிப்படிக்குக் கீழ. பேசுறாக. மிலிட்டரிக்காரவுக ரப்பர் குழாய் விட்டுத் தண்ணி குடுக்காக. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எடுத்துருவோம்னு சொல்லுதாக. கரண்டு மட்டும் வந்துரப்படாது. மீட்டர் பெட்டி அப்படியே அவுக மேல விழுந்து கெடக்கு. வாங்களேன், நீங்களே கேளுங்க."

போனேன். இடிபாட்டுல ஒரு ஓட்டை, தலை நுழையற அளவு. குனிஞ்சு, "தனசிங்குங்களா?"ன்னேன்.

உள்ள இருந்து குரல் வந்துச்சுங்க. கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. "யாரது, தமிழ்ல பேசுறது?"

"ஈரோட்டுப் பக்கமுங்க. கரண்டு வேலைக்கு வந்தவன்."

உள்ள ஒரு இருமல். அப்பறம், "ஈரோடா? மஞ்சள் மூட்டைய எத்தனை கப்பல்ல ஏத்திவிட்டிருக்கேன், அண்ணாச்சி. ஊர ஒரு தடவை கூடப் பாத்ததில்ல"ன்னாரு. சிரிச்சாரு. ஆமாங்க, சிரிச்சாரு. காலு ரெண்டும் தூணுக்கடியில, அஞ்சு நாளா.

"வெளிய வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்"னேன்.

"வாரேன். கரண்டு ஆஃப்லதான இருக்கு? வயரு மேல கைய வச்சுத்தான் படுத்திருக்கேன். நவுத்த முடியல."

"ஆஃப்லதானுங்க இருக்குது. ஆஃப்லயேதான் இருக்கும். நான் பாத்துக்கறேன்."

சொன்னேன். இல்லைன்னு சொல்லலை. இதே வாயிலதான் சொன்னேன்.

சுவிட்சு வேலைக்காகாது, மேல ஏறித்தான் ஆகோணும். மெயின் லைன்ல இருந்து டிரான்ஸ்பார்மருக்கு எறங்கற துண்டு வயரு மூணு இருக்கும், ஜம்பருன்னு சொல்லுவோம். அதை வெட்டி விட்டா அந்தத் தெருவுக்கு வாழ்நாள்ல கரண்டு போகாது. இருவது நிமிச வேலை. ஆனா ஏணி லாரியில. லாரி சப்-ஸ்டேசன்ல. இருட்டிப் போச்சு. "காலையில மொத வேலை இதுதான்"னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்.

போனா தேவநாதன் பட்டியலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாரு. "பதினேழும் ஆச்சா?"

"பதினாறு ஆச்சுங்க சார். ஒண்ணு காலையில."

"காலையிலதானே? டிக் போடுங்க. லிஸ்ட்டை இப்பவே அனுப்பணும்."

போட்டேன். மேலதிகாரி போடுன்னா போடத்தானே செய்வோம்? எழுதிக்கங்க அம்மிணி, அந்த டிக்கைப் போடச் சொன்னது இஞ்சினியரு.

மக்யா நாள் காலையில எந்திரிச்சா எடமே மாறிக் கெடக்குது. ஆறு நாளா எவனும் எட்டிப் பாக்காத சப்-ஸ்டேசன்ல சாமியானா கட்டறாங்க. காகிதக் கொடி ஒட்டறாங்க. பொணமெடுக்க ஆளில்லாத ஊருல காகிதக் கொடி ஒட்ட ஆளிருக்குது. கேட்டா, பெரிய மனுசரு ஒருத்தரு வர்றாராமா. அவரு கையால சுவிட்சு போடோணுமாமா. பதினோரு மணிக்கு நல்ல நேரமாமா. எங்களுக்கு டிரம்முல வெந்நீர் வெச்சிருக்கறாங்க. எல்லாரும் தண்ணி வாத்துக்கிட்டு, சவரம் பண்ணிக்கிட்டு, கம்பெனி பேரு போட்ட புதுச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கோணும்.

நீங்க நெனைக்கலாம், ஏணிய எடுத்துக்கிட்டு மொதல்ல போயிருக்கலாமேன்னு. லாரிய நாற்காலி கொண்டு வர அனுப்பிட்டானுங்க! பத்து கல்லு தள்ளி இருக்கற கல்யாண மண்டபத்துல இருந்து நாற்காலி. ஏணி அந்த லாரி மேலதான் கட்டியிருக்குது. நான் என்ன பண்றது? வரிசையில நின்னேன். ஆறு நாள் அழுக்குங்க. எண்ணெய், சுண்ணாம்பு, அந்த நாத்தம். ஒடம்பு என்ற ஒடம்பாட்டமே இல்லை. மொதச் சொம்பு வெந்நீர் தலையில உட்டப்ப எனக்கு அழுகையே வந்துச்சு. நாலு சொம்புதான் ஒரு ஆளுக்கு. நான் ஆறு ஊத்திக்கிட்டேன்.

எட்டரைக்கு தேவநாதன் ஓடி வர்றாரு. "நாச்சிமுத்து, ஒரு லேடி டிரான்ஸ்பார்மருக்கு அடியில உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. தமிழ் பேசுதாம். போலீசு கையை வெச்சாக் கத்துதாம். நீங்க போய்ச் சொல்லுங்க."

போனேன். அதே புள்ள. வளைஞ்ச கைப்பிடிக்குக் கீழ சம்மணம் போட்டு உக்காந்திருக்குது. ரெண்டு போலீசு நிக்கறான்.

"பதினோரு மணிக்குக் கரண்டு விடுதாகளாமே அண்ணாச்சி? நீங்க இன்னும் வெட்டலியே."

"லாரி வரட்டும்மா. வந்ததும் வெட்டிர்றேன். நீ எந்திரிச்சு உன்ற புருசன்கிட்டப் போய்ப் பேசிக்கிட்டு இரு. அவருக்கு அதுதான் தைரியம்."

"வெட்டுனத கண்ணால பாத்துட்டு எந்திரிக்கேன். ரெண்டு மணி நேரந்தான் கேக்குதாக மிலிட்டரிக்காரவுக. ஒரு மணிக்குக் கரண்டு விட்டா ஊரு என்ன கெட்டா போவும்?"

எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. எத்தனை ஆளுக முன்னாடி! "ஏம்மா, நான் சொல்றேன் இல்ல? நம்மூர்க்காரன் சொல்றதையே நம்ப மாட்டேன்னா வேற ஆரு சொன்னா நம்புவே? அங்க ஆசுபத்திரிக் கூடாரத்துல இருநூறு பேரு கெடக்கறான், குடிதண்ணி மோட்டாரு ஓடலை. உன்ற ஒருத்தனுக்காக எல்லாரும் சாகோணுமா?"

அந்தப் புள்ள என்னைய அண்ணாந்து பாத்துச்சு. அப்பறம் எந்திரிச்சுது. சேலையத் தட்டி விட்டுக்கிட்டு, "நீங்க இருக்கீயன்னுதான் போறேன் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுப் போச்சு. போலீசுக்காரன் என் தோளைத் தட்டிக் குடுத்தான்.

நான் சொன்னதுல என்ன தப்புங்க? ஆசுபத்திரி, தண்ணி மோட்டாரு, எல்லாம் நெசந்தான். அதுக்குக் கரண்டு வேணுமா வேண்டாமா? ஆனா அதுக்காகப் பதினோரு மணி வைக்கலை. அதுவும் நெசந்தான். வெள்ளைச் சட்டைக்காக வெச்சது. கருமம்.

லாரி பத்து மணிக்கு வந்துச்சு. நாற்காலிய எறக்கி முடிக்கவே பத்தே கால். நான் தேவநாதன்கிட்டப் போய், "சார், அந்த ஒரு ஜம்பரு பாக்கி. இருவது நிமிசம்"னேன். அவரு கடியாரத்தைப் பாத்தாரு. "போயிட்டு வாங்க. ஆனா சீக்கிரம். உங்களைத்தான் பக்கத்துல நிக்க வைக்கச் சொல்லியிருக்கறாரு, எம்.டி. போன் பண்ணினாரு. லேட்டானா வேற ஆளைத்தான் நிறுத்தணும்."

அதாவது போன்னு சொன்னாரு. வாயிலதான் சொன்னாரு. சொன்ன விதம் எப்படி? நீங்களே சொல்லுங்க. எட்டு வருசம் வேலை செஞ்சிருக்கறேன், எம்.டி.க்கு என்ற பேரே தெரியாது. அன்னைக்குத் தெரிஞ்சிருக்குது. போயிட்டு வந்தா வேற ஆளு நிப்பான். லாரிகிட்டப் போனேன். ஏணிக் கயித்தை அவுத்தேன். ஒரு முடிச்சு அவுத்துட்டேனுங்க. அப்பக் காரு சத்தம். அரை மணி முன்னாலயே வந்துட்டாரு. முன்னால வந்து தொலைஞ்சவன் மேல தப்பா, ஏம்மேல தப்பா?

கயித்தை மறுபடியும் கட்டிட்டுப் போய் நின்னேன்.

மாலை போட்டாங்க. பேசினாரு. இந்தியில என்னத்தையோ பேசினாரு, கை தட்டினாங்க. எனக்கு ஒண்ணும் ஏறலை. பேசி முடிக்கட்டும், ஓடிரலாம்னு நெனைச்சுட்டு நிக்கறேன். முடிக்கவே இல்லை. மணி பதினொண்ணு அடிக்கப் போகுது. கைப்பிடி மேல கைய வெச்சுட்டாரு. கேமரா எல்லாம் முன்னால வந்துருச்சு. அப்பத் தேவநாதன், எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "ஆல் கிளியர், ஃபோர்மேன்?"ன்னு கேட்டாரு.

அது முறைங்க அம்மிணி. லைன்ல கரண்டு உடறதுக்கு முந்திக் கேக்கோணும். ஃபோர்மேன் சொன்னாத்தான் உடோணும். அந்த நேரத்துல எம்.டி. சொன்னாலும் உடக் கூடாது, கலெக்டரு சொன்னாலும் உடக் கூடாது. ஃபோர்மேன் இல்லைன்னா, இல்லைதான்.

"கிளியர் சார்"னேன்.

அந்த நிமிசம் எடுத்ததுதான் இந்தப் போட்டோ.

அம்பது பேரு கேமராவோட நிக்கறான். வெள்ளைச் சட்டை கைய வெச்சுக்கிட்டுச் சிரிக்குது. இல்லைங்க, நிறுத்துங்க, ஒரு தெருவு பாக்கின்னு எவஞ் சொல்லுவான்? நீங்க சொல்லுவீங்களா? அப்பறம், மிலிட்டரிக்காரன் அந்நேரத்துக்குள்ள அவரை எடுத்திருப்பான்னு ஒரு நெனைப்பு. இருக்கலாமில்ல? சுவிட்சு போட்டாங்க. சாமியானாவுல கட்டியிருந்த பல்பெல்லாம் எரிஞ்சுது. ஊரே கத்துச்சு. கட்டிப் புடிச்சுக்கறான், அழுவறான். பால்கோவாவாட்டம் ஒரு இனிப்பு, பேடான்னு சொல்லுவாங்க, வாயில திணிச்சாங்க. தின்னேன். ரெண்டு தின்னேன்.

மறந்துட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. மறந்திருந்தாத் தேவலை. வாயில இனிப்பு இருக்கறப்ப நெனைப்பு பூரா அந்த மூணு ஜம்பரு மேலதான். ஆனா காரு நாலும் கெளம்பற வரைக்கும் வரிசைய விட்டு நவுர உடலைங்க. கெளம்புனதும் லாரிய எடுத்துக்கிட்டு ஓடுனேன். ஆளை உட்டு லைனை இருவது நிமிசம் நிறுத்தச் சொன்னேன். ஏறினேன். வெட்டினேன். மூணையும் வெட்டித் தனித்தனியா மடக்கி விட்டேன். நல்லாத்தான் வெட்டினேன். எறங்கி வந்து கடியாரத்தைப் பாத்தேன்.

அப்பறம் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். அந்தப் புள்ள ஓட்டைக்குப் பக்கத்துல குனிஞ்சு, "ஏங்க, பேசுங்க, ஏங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்குது. பதில் இல்லை.

மிலிட்டரிக்காரனுங்க ஒரு ஜெனரேட்டரை ஓரமா வெச்சுட்டு வேற ஒண்ணு மாத்திக்கிட்டு இருந்தாங்க. உள்ள இருந்த ஜவானுக்குத் திடீர்னு ஷாக் அடிச்சுருச்சாமா. கையில இருந்த கருவியத் தூக்கி எறிஞ்சுட்டானாமா. அவங்க ஜெனரேட்டர்ல லீக்குன்னு நெனைச்சு நிறுத்தி, எல்லாரையும் வெளிய எடுத்து, மாத்திக்கிட்டு இருக்கறாங்க. நான் எதுவும் சொல்லலை. எனக்கு இந்தி அத்தனை வராது.

ஒன்றரை மணிக்கு வெளிய எடுத்தாங்க. சின்ன மூஞ்சி. மீசை மெல்லிசா. நான் குரலை வெச்சு வாட்டசாட்டமான ஆளுன்னு நெனைச்சிருந்தேன். வலது கை மாத்திரம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கையப் பாக்காம நான் அக்கட்டால திரும்பிக்கிட்டேன்.

ரெக்ஸலின் அழுவலை. என்ற பக்கம் வந்து நின்னு, மெதுவாக் கேட்டுச்சு. "அண்ணாச்சி, நீங்க வெட்டிட்டீயதான?"

"வெட்டிட்டேம்மா"ன்னேன்.

பொய் இல்லைங்க. வெட்டினேன்தானே? எத்தனை மணிக்குன்னு அந்தப் புள்ள கேக்கலை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்கலை.

என்ற கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, "கரண்டுல போவலங்கிறதே போதும் அண்ணாச்சி. அவுகளுக்கு அந்தப் பயம் ஒண்ணுதான் இருந்துச்சு"ன்னு சொல்லுச்சு. அப்பறந்தான் அழுதுச்சு.

டாக்டரு கூடாரத்துல என்ன சொன்னாருன்னா, ஆறு நாளு அமுங்கிக் கெடந்த காலு, மேல இருக்கற பாரத்தை எடுத்ததும் கெட்ட ரத்தம் ஏறி எப்படியும் உசுரு போயிருக்குமாமா. டாக்டரே சொன்னாரு. படிச்சவரு. எறப்புக் காயிதத்துல நசுங்கிச் சாவுன்னுதான் எழுதுனாரு. அதையும் எழுதிக்கங்க.

கம்பெனியில பாராட்டுப் பத்திரம் குடுத்தாங்க. தேவநாதனுக்குப் பதவி உயர்வு. அவரு இந்த விசயத்தை அப்பறம் ஒரு வார்த்தை பேசலை. நானும் பேசலை. என்னைப் பாத்தாத் தலையக் குனிஞ்சுக்குவாரு, குற்றம் பண்ணின ஆளாட்டம். பண்ணினதுதானே?

இத்தோட போச்சுன்னா நான் நிம்மதியா இருந்திருப்பேன். ரெக்ஸலின் விடலை. தூத்துக்குடிக்குத் திரும்பிப் போயி, டீச்சர் வேலைக்குச் சேந்து, எப்படியோ என்ற விலாசத்தைத் தேடிப் புடிச்சு, வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு ஒரு டப்பா மக்ரூன் அனுப்பும். கூட ஒரு கடிதாசி. ‘எங்க குடும்பத்துக்கு நீங்க செய்த உதவியை மறக்க மாட்டோம்.’ ஒரு வருசம் தவறலைங்க. என்ற பொண்டாட்டி இருந்த வரைக்கும், "எத்தனை நன்றியுள்ள புள்ள பாருங்க"ம்பா. நான் அந்த டப்பாவத் தொறக்க மாட்டேன். பிரிக்காமயே பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துருவேன். இத்தனை நன்றி எதுக்குங்க ஒரு மனுசிக்கு? ஒரு ரெண்டு வருசம் அனுப்பினா நிறுத்திக்க வேண்டாமா?

போன வருசம் பையனுக்குக் கல்யாணம்னு நேர்ல வந்து பத்திரிகை வெச்சுது. மாட்டேன்னு சொல்ல முடியலை. போனேன். சர்ச்சுல முன் வரிசையில உக்கார வெச்சுது. அப்பறம் மண்டபத்துல வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "இவுகதான், இவுகதான்"னு கையப் புடிச்சுக் காட்டுது. ஒரு கெழவரு வந்து எனக்குக் கும்புடு போட்டாரு. எனக்கு வேர்த்து ஊத்துது.

பையன் பேரு ஆல்வின். அப்ப நாலு வயசுக் கொழந்தை. இப்ப எலக்ட்ரிகல் இஞ்சினியரு, அனல் மின் நிலையத்துல வேலை. கோட்டு சூட்டோட வந்து என்ற பக்கத்து நாற்காலியில உக்காந்தான். அவங்கப்பன் மீசைதான், மெல்லிசா.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஜம்பரை எத்தனை மணிக்கு வெட்டுனீங்க?"

கல்யாணத்தன்னைக்குக் கேக்கற கேள்வியாங்க இது? இந்தக் காலத்துப் படிப்பு அப்படி. நான், "பத்தரை இருக்கும்"னேன்.

அவன் தலைய ஆட்டினான். "அம்மா சொல்லுவாங்க, பதினோரு மணிக்கு ஊரே கைதட்டுன சத்தம் கேட்டுச்சாம். அப்பத்தான் அந்த ஜவானுக்கு ஷாக் அடிச்சதாம். அதுக்கு மேல அப்பா பேசலையாம்."

"அது அவங்க ஜெனரேட்டருப்பா."

"சரி மாமா."

சித்த நேரம் என்ற கையவே பாத்துக்கிட்டு இருந்தான். அப்பறம் எந்திரிச்சு, குனிஞ்சு என்ற காதுகிட்ட, "நான் கேட்டதை அம்மாகிட்டச் சொல்லாதீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னான். இலையில உக்கார வெச்சு அவனே பரிமாறுனான். இலைய மூடிட்டேனுங்க. கைய அலம்பிட்டு, ஆருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறிட்டேன்.

அப்பறம் மூணு தடவை போன் பண்ணிட்டான். நான் எடுக்கலை. ஒரு சேதி மாத்திரம் அனுப்பியிருக்கறான். கோவமா எல்லாம் இல்லை. ‘மாமா, நேரம் மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்.’ அவ்வளவுதான். என்ன பழக்கமுங்க இது? எழுவத்திரண்டு வயசு ஆளை இப்படித் தொரத்தலாமா? வெள்ளைச் சட்டையப் போய்க் கேளேன். தேவநாதனைப் போய்க் கேளேன். நாற்காலிக்கு லாரிய அனுப்பினவனைக் கேளேன். என்னையத்தான் கேப்பானா?

கேக்கறான். ஏன்னா கிளியருன்னு சொன்னவன் நானு.

நானாப் போன் பண்ணிச் சொல்ல மாட்டேன் அம்மிணி. வாய் வராது, பண்ணிப் பாத்துட்டேன். மலருல போடுங்க. அச்சுல வந்தா அவனே படிச்சுக்குவான், ஒரு பொஸ்தகத்தை நானே அனுப்பி வெச்சர்றேன். என்ற பேரு நாச்சிமுத்து, அதையும் போடுங்க. பதினோரு மணிக்குக் கிளியருன்னு சொன்னேன். வெட்டினது பதினொண்ணு நாப்பது.

பதினொண்ணு நாப்பது. எழுதுங்க.

ஏனுங்க அம்மிணி, பேனாவ மூடிட்டீங்க?